மெழுகுவர்த்திக்காக நிறுத்திய ஃபேன்

என் உடம்புக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வெந்தயத்தை ஊறவைத்து வெறும் வயிற்றில் முழுங்கு என்கிறார்கள். சப்ஜா விதை என்கிறார்கள். வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல், கோழியை விடு, இளநீர் குடி. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து பகலென்று இல்லை, இரவென்று இல்லை, நெஞ்சுக்குள் குப்பென்று ஒன்று பற்றிக்கொள்கிறது. அங்கிருந்து கழுத்து, காது, உச்சந்தலை. எரிந்து முடித்து, வேர்வை கொட்டி, ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்ட பிறகு சட்டென்று சில்லிட்டுப் போகும். இதற்கு ஊரில் ஒரே பெயர்தான்: சூடு. கண் எரிந்தாலும் சூடு, வயிறு வலித்தாலும் சூடு, வாய்ப்புண் வந்தாலும் சூடு. நான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பள்ளியில், ஆசிரியர் அறை ஃபேனை என் பக்கம் திருப்பினால், "அக்காவுக்கு சூடு ஏறிடுச்சு, தள்ளி உக்காருங்கடி" என்று சிரிப்பார்கள். சிரிப்பவர்கள் யாருக்கும் இன்னும் நாற்பது ஆகவில்லை. உங்களுக்கும் வரும், வரட்டும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு நோட்டுத் திருத்துவேன்.

ஒரு டாக்டரம்மாவிடமும் போனேன். இரண்டு மணிநேரம் காத்திருந்து உள்ளே போனால், தலையை நிமிர்த்தாமல் "மெனோபாஸ்தாம்மா, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். எல்லாருக்கும் மழைகூடத்தான் வருகிறது, அதற்காகக் குடையே வேண்டாம் என்று யாராவது சொல்கிறார்களா? கேட்கவில்லை. கேட்க நினைத்ததெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

எங்கள் வீடு உப்பளம் என்கிற பகுதியில், இரண்டாவது மாடியில். மேலே மொட்டை மாடி. கடல் கூப்பிடு தூரம் என்பதால், "ஒங்களுக்கென்னா, கடக்காத்து" என்று பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு அவர்களை எங்கள் ஹாலில் உட்கார வைக்க வேண்டும். தளம் காய்ந்து சூடு தலையில் இறங்கும். கடலிலிருந்து வருவது காற்றில்லை, பிசுபிசுப்பு. படுக்கையறையில் ஒரு ஏசி இருக்கிறது, மதியத்தில் வோல்டேஜ் இல்லாமல் ஒரு முறை உறுமிவிட்டு நின்றுபோகும். என் கணவரும் ஏறக்குறைய அப்படித்தான்.

இந்த வீட்டில் என்னோடு என் மாமியாரும் இருக்கிறார். வயது எண்பதைத் தொட்டுவிட்டது. என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவரோடு சில வருடம் பிரான்சில் இருந்துவிட்டு வந்தவர் மாமியார். அங்கே பனியில் நடந்து ரொட்டி வாங்கிய கதையை நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்கிறேன். ஃபேனை அவர் ஃபேன் என்று சொல்லமாட்டார். பிரெஞ்சில் வாந்திலாத்தேர் என்பார். அந்தச் சொல்லில் பாதி வாந்தி இருக்கிறது என்று ஒருமுறை சொன்னேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

மாமியாருக்கு வேர்க்காது. கத்திரி வெயிலில், நான் நனைந்த துணியாக நிற்கும்போது, அவர் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு நாற்காலியில் உலர்ந்து உட்கார்ந்திருப்பார். "வாந்திலாத்தேர கொறடி, குளுருது" என்பார். நான் ஐந்தில் வைத்த ரெகுலேட்டரை, நான் அடுப்படிக்குள் போன நிமிடம் எழுந்து வந்து ஒன்றில் வைப்பார். முட்டி வலி, பாத்ரூம் போகக் கை பிடிக்க வேண்டும் என்பவர், இதற்கு மட்டும் தனியாக நடப்பார். நான் வந்து ஐந்தில் வைப்பேன். அவர் ஒன்றில் வைப்பார். என் கணவரிடம் பஞ்சாயத்து போனது. அவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் தீர்ப்பு சொன்னார்: "ரெண்டு பேருக்கும் பொதுவா மூணுல வச்சுக்குங்களேன்." மூன்றில் வைத்தால் நான் எரிவேன், அவர் நடுங்குவார், இவர் மட்டும் தூங்குவார்.

பள்ளி நாட்களில் பரவாயில்லை. மே மாதம் விடுமுறை. பகல் முழுக்க அவரும் நானும் ஒரு ரெகுலேட்டரும்.

மே மாதத்துக்கு எங்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. நாங்கள் கத்தோலிக்கர்கள். மே, மாதாவின் மாதம். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் இருக்கிற குடும்பங்கள் சேர்ந்த ஜெபக்குழுவை அன்பியம் என்போம். மாதா சுருபம், அதாவது சிலை, ஒன்று தினமும் மாலை ஒரு வீட்டுக்கு வரும். அந்த வீட்டில் எல்லாரும் கூடி ஜெபமாலை சொல்வார்கள், பாட்டுப் பாடுவார்கள், முடிந்ததும் சுண்டலும் ஜூஸும் கொடுப்பார்கள். மறுநாள் சுருபம் அடுத்த வீட்டுக்குப் போகும். இதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. சண்டை ஒன்றே ஒன்றுதான். சுருபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஃபேன் ஓடினால் மெழுகுவர்த்தி அணையும். அதனால் ஃபேனை நிறுத்திவிடுவார்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு ஹால், இருபத்தைந்து பேர், எட்டு மெழுகுவர்த்தி, கொசு வருமென்று சாத்திய ஜன்னல், மே மாதம். முக்கால் மணிநேரம்.

எங்கள் அன்பியத் தலைவி அறுபது வயதைத் தாண்டியவர். அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஸ்விட்ச் போர்டு எங்கே என்றுதான் பார்ப்பார். போன வருடம் மே தொடங்கி நான்காவது வீட்டிலேயே, ஜெபமாலையின் ஐந்து பத்துகளில் இரண்டாவதைச் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டது. எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். முடிந்ததும் தலைவி வந்து என் தோளில் கை வைத்தார்.

"என்னாம்மா, முக்கா மணிநேரம் முட்டி போட முடியலயா?"

"எரியுதுங்க. என் வயசு அப்படி."

"எனக்கும் அந்த வயசு வந்துதான் போச்சி. ஒப்புக்கொடும்மா. ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துடு. ஒன் மாமியார பாரு, எம்பது வயசு, அசையாம உக்காந்திருக்காங்க. ஒரு சொட்டு வேர்வ இருக்குதா? அதான் விசுவாசம்."

ஒப்புக்கொடு. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போன சொல். பல்வலியா, ஒப்புக்கொடு. புருஷன் பேசவில்லையா, ஒப்புக்கொடு. ஆண்டவர் என் வேர்வையை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார்? சுவிட்சைப் போட்டால் தீர்கிற விஷயத்துக்கு அவரை ஏன் இழுக்க வேண்டும்? மாமியார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, மெல்லச் சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து அவருடைய காய்ந்த நெற்றியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேர்க்காமல் இருப்பது அவருடைய சாமர்த்தியம் என்றே நானும் நம்பினேன். நம்பியதால்தான் வெறுத்தேன்.

எங்கள் வீட்டு முறை வந்தது. காலையில் ஆட்டோ பிடித்துப் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் மல்லிகை, எலுமிச்சை, கொண்டைக்கடலை எல்லாம் வாங்கிக்கொண்டு பதினொன்றரைக்குத் திரும்பினேன். இரண்டு மாடி ஏறி வந்து கதவைத் திறந்தால் உள்ளே இருந்து அனல் முகத்தில் அடித்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஃபேன் நின்றிருந்தது. நடுவில் மாமியார்.

"எதுக்கு அத்த இப்படி சாத்தி வச்சிருக்கீங்க?"

"குளுருது."

"குளுருதா! அடுப்புக்குள்ள உக்காந்துக்கிட்டு குளுருதா?"

"அந்த சால்வைய எடு. பீரோல இருக்குது."

பிரான்சிலிருந்து கொண்டுவந்த கம்பளிச் சால்வை அது. எனக்கு அப்போதுதான் நெஞ்சில் தொடங்கி மேலே ஏறிக்கொண்டிருந்தது. மார்க்கெட் பை இரண்டு கையிலும் வெட்டியது. பைகளைத் தரையில் போட்டேன், பீரோவைத் திறந்து சால்வையை உருவினேன், கொண்டுவந்து அவர் தோளைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றினேன். "போத்திக்குங்க. நல்லா போத்திக்குங்க" என்றேன். முனையைக் கழுத்தருகில் இறுக்கிச் செருகினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலை நான் திறக்கவில்லை. ஃபேனைப் போடவில்லை. குளிருதென்று சொன்னால் குளிரட்டும் என்று அடுப்படிக்குப் போய், அங்கிருந்த டேபிள் ஃபேனை என் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு கடலையை வேக வைத்தேன்.

மதியம் சோறு வேண்டாம் என்றார். தண்ணீர் வைத்தேன், தாகமில்லை என்றார். வேண்டாமென்றால் போகிறது என்று டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். காலையிலிருந்து அவர் ஒருமுறைகூட என்னை பாத்ரூமுக்குக் கூப்பிடவில்லை என்பது எனக்குப் பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஒரு வேலை குறைந்தது என்றுதான் இருந்தது.

ஆறரைக்கு சுருபம் வந்தது. மாமியாரின் நாற்காலியை சுருபத்துக்குப் பக்கத்திலேயே போட்டார்கள், அது மரியாதை. சால்வையோடு உட்கார்ந்திருந்தார். தலைவி மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டு, என் வீட்டில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஃபேனை நிறுத்தினார். நான் போய் மறுபடி போட்டேன். மெழுகுவர்த்திகள் அணைந்தன. யாரோ ஒருவர் உச்சுக் கொட்டினார். தலைவி மறுபடி நிறுத்தி, மறுபடி ஏற்றி, என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார். என் கணவர் கையில் ஒரு மெழுகுவர்த்தியோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் முட்டி போட்டேன்.

முதல் பத்து முடிந்தது. இரண்டாவது பத்தில் எனக்கு எரிய ஆரம்பித்தது. எழுந்து போவதற்கு இது என் வீடு, எங்கே போவது? வேர்வை கண்ணில் இறங்கியது. ஜெபம் என் வாயில் இருந்தது, மனதில் இல்லை. மனதில் இருந்ததை அந்த சுருபத்துக்கு முன்னால் சொல்ல முடியாது. நான் மாமியாரையே முறைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்தில் அவரை உற்றுப் பார்த்தது நான் ஒருத்திதான், அதுவும் வெறுப்பில்.

அதனால்தான் எனக்குத் தெரிந்தது. எல்லாரும் தமிழில் சொல்ல, அவர் உதடு வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. பிரெஞ்சில் சொல்கிறார் என்று பக்கத்திலிருந்தவர் கண்டுபிடித்து, "பாரேன், பழைய பக்தி" என்று கிசுகிசுத்தார். இரண்டு மூன்று பேர் உருகிப்போய்ப் பார்த்தார்கள். தலைவி குரலைத் தாழ்த்தி அவருக்கு இடம் கொடுத்தார். அப்போது அந்தச் சொற்கள் எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தன. முப்பது வருடமாக அவர் பேசும் பிரெஞ்சைக் கேட்கிறேன், கொஞ்சம் புரியும். அவர் ஜெபம் சொல்லவில்லை. ரொட்டிக்காரனிடம் ரொட்டி கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கையிலிருந்து ஜெபமாலை நழுவி விழுந்தது. முட்டியாலேயே நகர்ந்து போய் அந்தக் கையைப் பிடித்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் சுட்டது. ஒரு துளி ஈரம் இல்லை. முகம் சிவந்து, கண் எங்கேயோ இருந்தது.

"ஃபேன போடுங்க" என்று கத்தினேன்.

"இரும்மா, இன்னும் மூணு பத்துதான்" என்றார் தலைவி.

அதற்கு நான் சொன்ன பதிலை எழுத முடியாது. மாதா சுருபத்துக்கு முன்னால் அப்படி ஒரு சொல்லை எங்கள் அன்பியத்தில் யாரும் சொன்னதில்லை. எழுந்து ஃபேனை ஐந்தில் போட்டேன், மெழுகுவர்த்தி எல்லாம் அணைந்தன. அந்தச் சால்வையை உருவினேன். காலையில் நான் செருகிய முனை அப்படியே இருந்தது, அவர் அவிழ்க்கவே இல்லை. தண்ணீர், தண்ணீர் என்று எல்லாரும் கத்தினார்களே தவிர யாரும் நகரவில்லை. மூலையில் ஜெபம் முடிந்து கொடுப்பதற்காக ஒரு குண்டான் நிறைய எலுமிச்சை ஜூஸ், ஐஸ் மிதக்க, தயாராக இருந்தது. அதைத் தூக்கி மாமியாரின் தலையில் ஊற்றினேன்.

"ஐயோ, என்னா பண்ற நீ!" என்றார் என் கணவர். அன்று மாலை அவர் பேசிய முதல் வார்த்தை அது.

ஆட்டோவில், சர்க்கரைத் தண்ணீர் சொட்டச் சொட்ட, என் மடியில் அவர் தலை. நனைந்த முந்தானையால் முகத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டே போனேன். செத்துத் தொலைந்தால் தேவலாம் என்று எத்தனை முறை நினைத்திருப்பேன். அன்று செத்துவிடக் கூடாதே என்று நடுங்கினேன். அன்பு ஒன்றும் இல்லை. செத்தால், கொன்றது நான்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு இளம் டாக்டர். ட்ரிப் ஏற்றி, ஈரத்துணி சுற்றி, ஃபேனை நேராக வைத்து எல்லாம் முடித்த பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"வேர்க்கலன்னா நல்லதுன்னு நெனச்சீங்களா? இந்த வயசுல வேர்வ வர்றது கொறஞ்சிடும். தாகமும் தெரியாது. வெளியில எவ்ளோ வெயில் அடிச்சாலும் ஒடம்பு ஒழுங்கா சொல்லாது. யாராவது பாத்துப் பாத்துத் தண்ணி குடுக்கணும்."

பிறகு என்னைப் பார்த்தார். நான் நின்ற இடத்தில் தரை நனைந்திருந்தது. "ஒங்களுக்கு ஏம்மா இப்படி வேர்க்குது?"

"மெனோபாஸ்" என்றேன்.

"அப்ப ஒங்களுக்கு நேர்மாறு. சின்னச் சூட்டுக்கே ஒடம்பு கூப்பாடு போடும். அவங்களுக்கு எரிஞ்சாலும் சத்தமே வராது." பிறகு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "கம்பளி போத்தியிருந்தாங்களாமே, யார் போத்துனது?"

"அவங்களுக்கு எப்பவுமே குளுரும் டாக்டர், அவங்களே கேப்பாங்க" என்று என் கணவர் சொன்னார். முதல் முறையாக என்னைக் காப்பாற்றினார், அதுவும் தெரியாமல்.

மூன்றாம் நாள் மாமியாருக்கு நினைவு முழுக்கத் தெளிந்தது. நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அறையில் வேறு யாரும் இல்லை.

"சால்வைய நான்தான் கேட்டேன்" என்றார்.

"ஆமா அத்த."

"நீ கோவமா போத்தின."

ஸ்பூன் என் கையில் நின்றது. அவர் வாயைத் திறந்து காத்திருந்தார். ஊட்டினேன். மன்னிப்பு நான் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. அந்தப் பேச்சை இருவரும் பிறகு எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்தபோது ஹால் முழுக்க எறும்பு.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். எனக்கு எப்போது பற்றிக்கொள்கிறதோ அப்போது அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர். கடிகாரம் பார்க்க வேண்டாம், என் உடம்பே மணியடிக்கும். நான் எரிந்துகொண்டே போய் டம்ளரை நீட்டுவேன். "வேணாம், தாகமில்ல" என்பார். "உங்க தாகத்த யாரும் கேக்கல, குடிங்க" என்பேன். வருகிறவர்களிடம் எல்லாம், "தண்ணி குடுத்தே என்ன முழுக வைக்கப் பாக்குறா. அன்னைக்கி ஜூஸ ஊத்தி கொல்லப் பாத்தவதான" என்று சொல்கிறார். ரெகுலேட்டர் நான்கில் நிற்கிறது. எழுந்து வந்து குறைக்கப் பார்த்தார், அதன் திருகைப் பிடுங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். வெறும் குச்சியை இரண்டு நாள் திருகிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

இந்த வருடமும் மே வந்தது, எங்கள் முறையும் வந்தது. தலைவி ஒரு வருடமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் சுருபத்தோடு வந்தார், மெழுகுவர்த்திகளை ஏற்றினார். நான்கு ஜன்னலும் திறந்திருந்தன, ஃபேன் ஓடியது, ஏற்ற ஏற்ற அணைந்தன. அவர் ஸ்விட்ச் போர்டை நோக்கி நடந்தார். நான் அதற்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"நகரும்மா."

"மாட்டேன்."

"மாதாவுக்கு ஒரு வெளிச்சம் இல்லாமலா ஜெபம் சொல்றது? எல்லாரும் பொறுத்துக்கல? ஒனக்கு மட்டும் என்னா?"

எனக்கு நெஞ்சில் தொடங்கிவிட்டது. வாயைத் திறந்தால் போன வருடச் சொல் மறுபடி வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இருபத்தைந்து பேரும் என்னையே பார்த்தார்கள். அப்போது நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"எரியலன்னா போவுது. வாந்திலாத்தேர தொடாத. நீ ஜெபத்த ஆரம்பி."

தலைவி திரும்பிப் பார்த்தார். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு அவரே ஆரம்பித்துவிட்டார், தமிழில். வேறு வழியில்லாமல் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். தலைவியின் குரல் கடைசியாக வந்தது.

நான் போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டேன். என் கழுத்தில் வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கை நாற்காலிப் பிடியில் லேசாக நடுங்கியது. முதல் பத்து முடிந்து மூச்சு வாங்கும் இடைவெளியில், எனக்கு மட்டும் கேட்கும்படி குனிந்தார்.

"குளுருதுடி."

"தெரியும்" என்றேன். டம்ளரை நீட்டினேன். வாங்கி முழுக்கக் குடித்தார்.